வாடகை நம்முடையது, விலாசம் யாருடையது?

சில மாதங்களுக்கு முன் ஒரு சகோதரி எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். கணவர் துபையில் இருக்கிறார். குடும்ப விசாவுக்காகச் சேர்த்த காகிதங்களை ஒரு பிளாஸ்டிக் கோப்பில் அடுக்கி வைத்திருந்தார். நிக்காஹ் பதிவுச் சான்று, அதன் பின்புறம் சென்னையிலிருந்து அமீரகத் தூதரகம் வரை விழுந்த முத்திரைகள், குழந்தையின் பிறப்புச் சான்று, பாஸ்போர்ட் நகல்கள் என்று எதிலும் குறை இல்லை. ஆனால் அங்கே விசாவுக்கு மனுப் போடப் போன கணவரிடம் ஒரே ஒரு காகிதம் கேட்டிருக்கிறார்கள்: அவர் பெயரில் வீட்டு ஒப்பந்தம். அது அவரிடம் இல்லை.

“ஆறு வருஷமா தேராவுல அதே ரூம்லதான் இருக்காங்க. மாசா மாசம் வாடகை கொடுக்குறாங்க. அப்புறம் எப்படி விலாசம் இல்லன்னு சொல்றாங்க?” என்று அந்தச் சகோதரி கேட்டார். நியாயமான கேள்விதான். அன்று எங்களால் சரியான பதில் சொல்ல முடியவில்லை. பிறகு அங்கே பல ஆண்டுகள் இருந்து வந்த ஊர்க்காரர்களிடம் விசாரித்தும், துபையின் வாடகைச் சட்டத்தைப் படித்தும் தெரிந்துகொண்டதை இந்த இதழில் எழுதுகிறோம். பிள்ளையையோ கணவரையோ சபருக்கு அனுப்பிவிட்டு இங்கே இருக்கிற வீடுகளுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நம் ஊரில் விலாசம் என்பது தானாக நம்மோடு ஒட்டிக்கொள்கிறது. ரேஷன் அட்டையில் இருக்கிறது, ஆதாரில் இருக்கிறது, வாக்காளர் அட்டையில் இருக்கிறது. எதுவும் இல்லாவிட்டால் தபால்காரர் நம் வாப்பா பெயரைச் சொன்னால் வீட்டைக் காட்டிவிடுவார். துபையில் அப்படி இல்லை. அங்கே எல்லோரும் சட்டைப்பையில் வைத்திருக்கும் எமிரேட்ஸ் ஐடி அட்டையில் வீட்டு விலாசம் அச்சிடப்படுவதில்லை. வீட்டு வாசலில் தபால் போடும் வழக்கமும் அங்கே கிடையாது. கடிதங்கள் தபால் பெட்டி எண்ணுக்குத்தான் போகும். நம் மக்களில் பெரும்பாலோர் எழுதிக் கொடுக்கும் தபால் பெட்டி எண் கம்பெனியுடையது. கட்டடங்களுக்கு மகானி என்ற பத்து இலக்க எண் உண்டு. ஆம்புலன்ஸோ டாக்சியோ இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவும். அந்த இடத்தில் யார் குடியிருக்கிறார் என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது ஒப்பந்தம் ஒன்றுதான், அதுவும் அரசாங்கத்தில் பதிவான ஒப்பந்தம். துபையில் வீட்டுக்காரருக்கும் குடியிருப்பவருக்கும் இடையிலான உறவை முறைப்படுத்தும் சட்டம் 2007ஆம் ஆண்டின் 26ஆம் எண் சட்டம். 2008இல் 33ஆம் எண் சட்டத்தின் மூலம் அதில் திருத்தங்கள் வந்தன. எல்லா வாடகை ஒப்பந்தங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தப் பதிவுக்காக 2010இல் துபை நிலத்துறையின் கீழ் இயங்கும் ரேரா என்ற ஒழுங்குமுறை அமைப்பு கொண்டுவந்த ஏற்பாடுதான் எஜாரி. அரபியில் ‘எனது வாடகை’ என்று பொருள். பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வாடகையை யார் கையால் கொடுத்தாலும், எஜாரியில் யார் பெயர் இருக்கிறதோ அவருடைய வாடகை அது.

எஜாரி இருந்தால்தான் அந்த வீட்டுக்கு ‘தேவா’ எனப்படும் துபை மின்சார, நீர் வாரியத்தில் நம் பெயரில் இணைப்பு எடுக்க முடியும். தேவா இணைப்பு வந்தால் மாதாமாதம் நம் பெயரில் பில் வரும். வங்கியோ, பிள்ளையின் பள்ளிக்கூடமோ, இன்னொரு அலுவலகமோ விலாசச் சான்று கேட்டால் அந்த பில்லையும் எஜாரியையும் காட்டினால் போதும். இதெல்லாம் ஒரு சங்கிலி. முதல் கண்ணி இல்லாவிட்டால் அடுத்ததும் இல்லை.

இப்போது அந்தச் சகோதரியின் கணவர் விஷயத்துக்கு வருவோம். அவர் இருப்பது பெட் ஸ்பேஸ். நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அப்படித்தான் இருக்கிறார்கள். நாயிஃப், தேரா, கராமா, சத்வா என்று எங்கே போனாலும் இதே ஏற்பாடுதான். ஒருவர் தன் பெயரில் வீடு எடுத்திருப்பார். ஹாலைப் பலகை வைத்துத் தடுத்து, அறைகளில் இரட்டைக் கட்டில் போட்டு, ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்வார். எஜாரி அவர் பெயரில், தேவா அவர் பெயரில். மற்றவர்கள் கொடுக்கும் பணத்துக்குப் பல இடங்களில் துண்டுச் சீட்டுகூடக் கிடையாது. காலண்டரில் டிக் அடித்து வைப்பதுதான் ரசீது. ஆறு வருடம் இருந்தாலும் அரசாங்கத்தின் கணக்கில் அவர் அங்கே இல்லை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. வீட்டுக்காரரின் எழுத்துபூர்வமான சம்மதம் இல்லாமல் குடியிருப்பவர் அந்த வீட்டை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடக் கூடாது என்று மேலே சொன்ன சட்டத்தின் 24ஆம் பிரிவு கூறுகிறது. மீறினால் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே வெளியேற்றலாம் என்கிறது 25ஆம் பிரிவு. வெளியேற்றப்படுவது வீடு எடுத்தவர் மட்டுமல்ல, அவரிடம் உள்வாடகைக்கு இருப்பவரும்தான். உள்வாடகைக்கு இருந்தவர் தன் நஷ்டத்தை வீடு எடுத்தவரிடம் கேட்டுப் பெற உரிமை உண்டு என்றும் சட்டம் சொல்கிறது. ஆனால் காலண்டர் டிக்கை வைத்துக்கொண்டு யாரிடம் போய்க் கேட்பது? 2025 ஜூனில் துபை மாநகராட்சி அல் ரிக்கா, அல் முரக்கபாத், அல் பர்ஷா, சத்வா, அல் ரஃபா பகுதிகளில் அனுமதி இல்லாமல் போட்ட பார்ட்டிஷன்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்தபோது, அப்படிப்பட்ட அறைகளில் இருந்தவர்கள் அவசரமாக வேறு இடம் தேட வேண்டியிருந்தது.

அப்படியானால் பெட் ஸ்பேஸில் இருப்பவருக்கு வழியே இல்லையா என்றால், ஓரளவு இருக்கிறது. 2022 செப்டம்பரில் துபை நிலத்துறை ஓர் அறிவிப்பு வெளியிட்டது. ஒரு வீட்டில் குடியிருக்கும் எல்லோரின் விவரங்களையும் ‘துபை ரெஸ்ட்’ என்ற செயலியில் பதிய வேண்டும் என்றும், அதற்கு இரண்டு வார அவகாசம் என்றும் சொன்னது. வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் செயலிக்குள் போய், தன் வீட்டைத் தேர்ந்தெடுத்து, உடன் இருப்பவர்களைச் சேர்க்க வேண்டும். உடன் இருப்பவரின் எமிரேட்ஸ் ஐடி எண்ணும் பிறந்த தேதியும் தேவைப்படும். சேர்த்துவிட்டால் எஜாரியில் உடன் வசிப்பவர் என்று அவர் பெயரும் வரும்.

இந்த வேலை ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். ஆனால் பல அறைகளில் அது நடக்கவில்லை. காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மூன்று பேருக்குச் சம்மதம் வாங்கிய வீட்டில் ஒன்பது பேர் இருந்தால், ஒன்பது பேரையும் எப்படிப் பதிவது? ஆகவே “காக்கா, என் பேரையும் சேத்து விடுங்களேன்” என்று கேட்கும் தம்பிக்கு “அடுத்த மாசம் பாப்போம்” என்று பதில் வருகிறது. வீடு எடுத்த காக்காவும் கெட்டவர் அல்ல. அவரும் நம் ஊர்க்காரர்தான், அவருக்கும் பயம் இருக்கிறது. ஆனால் எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்: பிள்ளை அறை பார்க்கும்போது கட்டில் ஜன்னலோரமா, மெட்ரோ பக்கமா என்று கேட்பதற்கு முன்னால், என் பெயரை எஜாரியில் சேர்ப்பீர்களா என்று கேட்க வேண்டும். சேர்க்க முடியாது என்கிற அறை மாதம் நூறு திர்ஹம் குறைவாக இருந்தாலும் அது லாபமான அறை அல்ல.

உடன் வசிப்பவர் என்ற பதிவு எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதையும் தெரிந்து வைக்க வேண்டும். நீங்கள் அங்கே குடியிருக்கிறீர்கள் என்பதற்கு அது சாட்சி. அது உங்களை வாடகைதாரர் ஆக்கிவிடாது. மனைவி பிள்ளைகளை அழைக்கப் பொதுவாக அழைப்பவரின் பெயரிலேயே எஜாரி கேட்கிறார்கள். பத்துப் பேர் இருக்கும் பேச்சிலர் அறையின் பதிவைக் காட்டிக் குடும்பத்தை அழைக்க முடியாது.

கம்பெனி தங்குமிடத்தில் இருப்பவர்களுக்கு வேறு வழி. அங்கே ஒப்பந்தம் கம்பெனி பெயரில் இருக்கும். கம்பெனியின் கடிதத் தாளில், இன்னார் இந்தக் கட்டடத்தில் இந்த எண் அறையில் தங்கியிருக்கிறார் என்று முத்திரையிட்ட கடிதம் வாங்கலாம். எச்.ஆர். பிரிவில் கேட்டால் பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கேட்கத்தான் நம் பிள்ளைகள் கூச்சப்படுகிறார்கள். அங்குள்ள வங்கிக் கணக்கின் ஸ்டேட்மென்ட், தன் பெயரில் எடுத்த போஸ்ட்பெய்டு தொலைபேசி பில் ஆகியவையும் சில இடங்களில் ஏற்கப்படும்.

இந்தக் காகிதங்கள் ஊரிலும் தேவைப்படுகின்றன என்பதைப் பலர் யோசிப்பதில்லை. வெளிநாட்டில் வேலைக்குப் போனவர் ஊரில் இருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அந்நியச் செலாவணிச் சட்டத்தின் விதி. அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். அங்கிருந்து அனுப்பும் பணத்துக்கு என்.ஆர்.இ. கணக்கு தொடங்கலாம். இதற்குப் போனால் வங்கியில் வெளிநாட்டு விலாசச் சான்று கேட்பார்கள். அப்போதுதான் பலர் திணறுகிறார்கள். அங்குள்ள இந்தியத் தூதரகம் மூலம் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போது அந்நாட்டு விலாசத்தைப் போட்டுக்கொள்ள விரும்பினாலும் சான்று வேண்டும்.

இனி, தன் பெயரிலேயே வீடு எடுக்கும் விஷயம். குடும்பத்தை அழைக்க நினைப்பவர் முதலில் பார்க்க வேண்டியது சம்பளம். மாதம் 4,000 திர்ஹம், அல்லது 3,000 திர்ஹமும் கம்பெனி தரும் தங்குமிடமும் இருந்தால் குடும்ப விசாவுக்கு மனுச் செய்யலாம் என்பது 2019இல் வந்த விதி. விசாவுக்கு அது போதும், வாழ்க்கைக்குப் போதுமா என்பது வேறு கணக்கு. அந்தக் கணக்கை ஊரில் இருப்பவர்களும் சேர்ந்து போட வேண்டும் என்பதற்காக ஓர் உதாரணம் தருகிறோம்.

வருடம் 40,000 திர்ஹம் வாடகைக்கு ஒரு ஸ்டூடியோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வாடகையை மாதாமாதம் கொடுக்கும் வழக்கம் குறைவு. முன்தேதியிட்ட காசோலைகளாக மொத்தத்தையும் முதலிலேயே கொடுத்துவிட வேண்டும். நான்கு காசோலை என்று பேசினால் முதல் காசோலை 10,000 திர்ஹம் உடனே போய்விடும். சாமான் இல்லாத வீட்டுக்கு முன்பணம் வழக்கமாக வாடகையில் 5 சதவீதம், அதாவது 2,000. புரோக்கர் கமிஷன் இன்னொரு 5 சதவீதம், அதுவும் 2,000. தேவாவுக்கு அடுக்குமாடி வீடு என்றால் 2,000 திர்ஹம் வைப்புத்தொகை, வில்லா என்றால் 4,000. ஆக ஒரு பாய் வாங்கிப் போடுவதற்கு முன்பே 16,000 திர்ஹம் கையைவிட்டுப் போகிறது. இதில் முன்பணமும் தேவா வைப்புத்தொகையும் காலி செய்யும்போது திரும்பி வரக்கூடியவை. டைப்பிங் சென்டரில் எஜாரி பதிய சுமார் 220 திர்ஹம் ஆகும், அது பெரிய செலவு இல்லை. தேவா பில்லோடு மாதாமாதம் வீட்டு வரியும் சேர்ந்து வரும். அது வருட வாடகையில் 5 சதவீதத்தைப் பன்னிரண்டாகப் பிரித்து வசூலிப்பது. 40,000 வாடகைக்கு மாதம் 167 திர்ஹம் அளவில் வரும். கரண்ட் பில் அதிகம் வந்துவிட்டது என்று வருந்துபவர்கள் பில்லில் அந்த வரியைப் பார்ப்பதில்லை.

எஜாரி பதியத் தேவையானவை அதிகம் இல்லை. நிலத்துறையின் பொதுப் படிவத்தில் இரு தரப்பும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், வீட்டின் பட்டா நகல், வீட்டுக்காரரின் அடையாள நகல், நம் எமிரேட்ஸ் ஐடியும் பாஸ்போர்ட் விசா நகலும், வீட்டு வாசலில் சிறு தகட்டில் இருக்கும் தேவாவின் ஒன்பது இலக்க எண். டைப்பிங் சென்டரிலும் பதியலாம், துபை ரெஸ்ட் செயலியிலும் பதியலாம்.

கையெழுத்துப் போடும் முன் பார்க்க வேண்டியதில் முக்கியமானது ஒன்றுதான். பட்டாவில் இருக்கும் பெயரும் ஒப்பந்தத்தில் வீட்டுக்காரர் என்று இருக்கும் பெயரும் காசோலையில் எழுதச் சொல்லும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். நிர்வாகக் கம்பெனி பெயரில் எழுதச் சொன்னால் வீட்டுக்காரர் அதற்குக் கொடுத்த அதிகாரப் பத்திரத்தைக் கேட்க வேண்டும். புரோக்கரின் சொந்தப் பெயரில் ஒருபோதும் காசோலை எழுதக் கூடாது. புரோக்கரிடம் ரேரா கொடுத்த அட்டை இருக்க வேண்டும், அதையும் கேட்கலாம். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் வீடு எடுக்காமல் இருப்பதே நல்லது.

சில நேரம் எல்லாம் சரியாக இருந்தும் எஜாரி பதிய முடியாமல் நிற்கும். முன்பு குடியிருந்தவர் தன் எஜாரியை ரத்து செய்யாமல் போயிருப்பார். ஒரு வீட்டுக்கு ஒரே நேரத்தில் இரண்டு எஜாரி பதியாது. பழையதை ரத்து செய்யும் வேலையை வீட்டுக்காரர் தலையில் போட வேண்டும், அதுவும் முதல் காசோலையைக் கொடுக்கும் முன்பே. காசோலை மாறிய பிறகு வீட்டுக்காரரின் அவசரம் குறைந்துவிடும். அதேபோல் நாம் காலி செய்யும்போது நம் எஜாரியை ரத்து செய்து, தேவா இணைப்பையும் முடித்து, வைப்புத்தொகையைத் திரும்ப வாங்க வேண்டும். ஒப்பந்தம் வருடா வருடம் புதுப்பிக்கப்படும்போது எஜாரியும் புதிதாகப் பதியப்பட வேண்டும். பழைய எஜாரியைக் காட்டி விசா புதுப்பிக்கப் போய்த் திரும்பி வந்தவர்கள் உண்டு.

இவ்வளவு செலவும் அலைச்சலும் இருப்பதால்தான் குறுக்கு வழி விற்பவர்கள் பிழைக்கிறார்கள். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியிடம் “பேமிலி விசாவுக்கு எஜாரி மட்டும் வேணுமா, ரெடி பண்ணித் தர்றேன்” என்று ஓர் ஏஜெண்ட் 1,800 திர்ஹம் வாங்கிக்கொண்டார். வந்த காகிதம் பார்க்க அசல் மாதிரியே இருந்தது. மனுப் போட்ட இடத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் அந்த எண் வேறு யாரோ ஒருவரின் வீட்டுக்கு உரியது. பணம் போனது. போலி ஆவணம் கொடுத்ததாக வழக்கு வராமல் தப்பியதே பெரிது. புகார் கொடுக்கவும் அந்தத் தம்பிக்குத் துணிவில்லை, தன் பெயர்தானே அதில் இருக்கிறது. போலி ஆவணம் அமீரகத்தில் சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் கொண்டுபோகிற குற்றம். ஊரிலிருந்து நாம் என்ன செய்ய முடியும்? அல்லாஹ் காப்பாற்றினான் என்றுதான் அந்தக் குடும்பம் சொல்லிக்கொண்டது. எஜாரி உண்மையா என்பதைத் துபை ரெஸ்ட் செயலியிலும் நிலத்துறையின் இணையதளத்திலும் எவரும் சரிபார்க்கலாம். அதை அவரிடம் யாரும் சொல்லவில்லை.

இதைவிட ஆபத்தானது ஒன்று உண்டு. காகிதம் அசலாகவே இருக்கும், ஆனால் நாம் அந்த வீட்டில் குடியிருக்க மாட்டோம். “உன் பேர்ல வீடு எடுத்துக்கிறேன், எஜாரி உனக்கு, வீடு எனக்கு” என்று நண்பர் கேட்பார். நட்புக்காகவும் விசாவுக்காகவும் சம்மதித்துவிடுவார்கள். காசோலைகள் நம் பெயரில் போகும். அவர் பணம் போடவில்லை என்றால் திரும்புவது நம் காசோலை. 2022 ஜனவரியிலிருந்து கணக்கில் பணம் இல்லாமல் திரும்பும் காசோலைக்குப் பெரும்பாலும் போலீஸ் வழக்கு இல்லை என்பது உண்மைதான். அதனால் பயமில்லை என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் அந்தக் காசோலையை வைத்து வீட்டுக்காரர் நேரடியாகத் தீர்ப்பை நிறைவேற்றும் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று அதே திருத்தம் வழி செய்திருக்கிறது. வங்கிக் கணக்கு முடங்கலாம், பயணத் தடை விழலாம். வாப்பாவின் மௌத்துக்கு ஊருக்கு வர விமான நிலையம் போய் நிற்கும்போது அது தெரியவருவது எவ்வளவு கொடுமை!

வீட்டுக்காரரோடு தகராறு வந்தால் போக வேண்டிய இடம் 2013இல் அமைக்கப்பட்ட வாடகைத் தகராறு மையம். வழக்குக் கட்டணம் வருட வாடகையில் 3.5 சதவீதம், குறைந்தது 500 திர்ஹம், அதிகபட்சம் 20,000. அங்கேயும் முதலில் கேட்பது எஜாரிதான்.

துபையைத் தாண்டினால் பெயர்கள் மாறும், அடிப்படை மாறாது. அபூதபியில் எஜாரிக்குப் பதில் தவ்தீக். ஷார்ஜாவில் ஒப்பந்தத்தை மாநகராட்சியில் சான்றொப்பம் செய்ய வேண்டும். சவூதியில் வாடகை ஒப்பந்தப் பதிவுக்கு இஜார் என்று ஒரு தளம் இருக்கிறது. பெயர் ஒலிப்பில் ஒன்றுபோல் இருப்பதால் துபை எஜாரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே அதோடு சவூதி தபால் துறையில் தேசிய விலாசமும் பதிய வேண்டும், நான்கு எழுத்தும் நான்கு இலக்கமும் கொண்ட சுருக்க விலாசம் கிடைக்கும். கத்தரில் 2017ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டப்படி ஒவ்வொருவரும் தேசிய விலாசம் பதிய வேண்டும். கட்டடத்து நீலப் பலகையில் இருக்கும் மண்டல, தெரு, கட்டட எண்களை மெத்ராஷ் செயலியில் கொடுத்தால் முடிந்தது. குவைத்தில் சிவில் ஐடியோடு விலாசம் இணைந்திருக்கிறது. கட்டடம் இடிக்கப்பட்டாலோ, இவர் இங்கே இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னாலோ பதிவிலிருந்து விலாசத்தை நீக்கிவிடுவார்கள். பிறகு கெடுவுக்குள் புதியதைப் பதியாவிட்டால் அபராதம். வீடு மாறியவர்கள் சாஹில் செயலியில் ஒருமுறை தங்கள் விலாசத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

ஊரில் இருக்கும் குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். அங்கே உங்கள் ஆளின் பெயரில் வீடு இருந்தால், எஜாரி நகலும் கொடுத்த காசோலைகளின் படமும் உங்கள் கைபேசியில் இருக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர் இறந்துவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிந்துவிடுவதில்லை. அது வாரிசுகளிடம் தொடர்கிறது என்கிறது துபைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு. வாரிசுகள் வேண்டாம் என்றால் வீட்டுக்காரருக்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். கொடுத்த நாளிலிருந்து குறைந்தது முப்பது நாள் கழித்தோ, ஒப்பந்தம் முடியும் நாளிலோ, எது முதலில் வருகிறதோ அன்று அது முடியும். இது தெரியாமல், மய்யித்தை ஊருக்குக் கொண்டு வந்த கையோடு அந்த வீட்டை மறந்துவிட்டால், தேதி போட்டுக் கொடுத்த காசோலைகள் வரிசையாக வங்கிக்குப் போய்க்கொண்டிருக்கும். முன்பணமும் தேவா வைப்புத்தொகையும் இத்தா இருக்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சேர வேண்டிய சொத்து. அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் போகிறது.

பெயர் எழுதும் முறை பற்றியும் சொல்ல வேண்டும், நம் சமுதாயத்தில் இதனால் படும் பாடு அதிகம். முகம்மது என்ற ஒரே பெயரை ஒருவரின் பாஸ்போர்ட்டில் ஒரு விதமாகவும் நிக்காஹ் பதிவில் இன்னொரு விதமாகவும் பிறப்புச் சான்றில் மூன்றாவது விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார்கள். பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவிலும் விசிட் விசாவிலும் வர முடியாது என்று அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்ததை அறிந்திருப்பீர்கள். எஜாரியில் பெயர், பாஸ்போர்ட்டிலும் எமிரேட்ஸ் ஐடியிலும் இருப்பதுபோல் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்க வேண்டும். டைப்பிங் சென்டரில் அடித்துக் கொடுத்ததை அங்கேயே நின்று படித்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வர வேண்டும். ஊரில் திருமணம் நடந்து 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம். அந்தப் பதிவின்போதே பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பெயர் எழுதச் சொல்லுங்கள். ஜமாஅத் புத்தகத்திலும் அப்படியே எழுதும்படி நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.

கோப்போடு வந்த அந்தச் சகோதரியின் கணவர் பிறகு குசைஸில் ஒரு ஸ்டூடியோ எடுத்தார். இரண்டு வருடச் சேமிப்பும் மைத்துனரிடம் வாங்கிய கைமாற்றும் அதில் போயிற்று. எஜாரி வந்த அன்று அதை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார். சகோதரி அதை எங்களிடம் காட்டி, “பேரு சரியா இருக்கா பாருங்க” என்றார். ஓர் எழுத்து பிசகியிருந்தது. அன்று மாலையே அவர் டைப்பிங் சென்டருக்குத் திரும்பப் போய்த் திருத்தி வாங்கினார். விசா மனு இப்போது போடப்பட்டிருக்கிறது.

குடும்ப விசா, என்.ஆர்.இ. கணக்கு, வெளிநாட்டு வாடகை ஒப்பந்தம் பற்றி விவரம் கேட்க விரும்புவோர் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாட்களில் அஸர் தொழுகைக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம். அசல் ஆவணங்கள் வேண்டாம், நகல் போதும். பாஸ்போர்ட் நகலை மட்டும் மறக்காமல் கொண்டு வாருங்கள்.